கொடிக்காரனை விழுங்கிய பிள்ளை

குடத்தை இடுப்பில் வைத்தபடி குழாயடியிலிருந்து உள்ளே நுழைந்தேன். பிள்ளை கூடத்து நடுவில் உட்கார்ந்து ஒரு பலகைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரல் அளவுத் துண்டு அது. அதன்மேல் ஒட்டியிருந்த மண் கரைந்து அவள் மோவாயில் வழிந்தது. உதடெல்லாம் நீலம். என்னைக் கண்டதும் பலகையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

அன்று காலையில்தான் அந்தத் துண்டின்மேல் ஒரு பிரெஞ்சுப் பொம்மைப் பட்டாளத்தை நிறுத்தி, காயட்டும் என்று ஜன்னலோர வெயிலில் வைத்திருந்தேன். இப்போது அதில் பாதிப் பேர்தான் நின்றார்கள். மீதிப் பேர் அவள் மடியிலும் சட்டை மடிப்பிலும் தரையிலும் சிதறிக் கிடந்தார்கள். குடத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. ஒவ்வொருவராகப் பொறுக்கி, பலகையில் அவரவர் நின்ற பள்ளத்தில் திரும்ப வைத்தேன். எல்லாப் பள்ளமும் நிரம்பியது, நடுப்பள்ளம் தவிர. நடுவில் நிற்க வேண்டியவன் கொடிக்காரன். அவன் கையில் கொடிக்கம்பாக இருந்தது ஒரு குண்டூசி.

பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். புதிதாக முளைத்த பல்லால் நன்றாகக் கடித்தாள். நாக்கடியில், கன்னத்துக்குள், எங்கும் இல்லை. சட்டையைக் கழற்றி உதறினேன். பாயை உதறினேன். என் சேலை முந்தானையைக்கூட உதறினேன். அப்புறம் அவளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரருடைய அக்கா பிள்ளை. ஒட்டன்சத்திரத்தில் வாக்கப்பட்ட என் நாத்தனார், ஏறாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை என்று பல வருஷம் அலைந்து பெற்ற ஒரே பெண். நடக்க ஆரம்பித்திருந்தாள். பேச்சு இன்னும் வரவில்லை. என்னை மட்டும் "த்தே" என்பாள். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. கல்யாணமாகி நாலு வருஷம் முடிந்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னை ஆளாளுக்குச் சொன்னதில் பாதி அதைப் பற்றித்தான்.

இந்தப் பொம்மைப் பட்டாளம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் அச்சு வெட்டும் வேலை பார்த்தார். அவருக்கு ஒரு சிநேகிதர், தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அவரை என் வீட்டுக்காரர் பாய் என்பார், நான் அண்ணன் என்பேன். அந்த அண்ணன் உலக யுத்தத்தில் பட்டாளத்தோடு எகிப்து வரைக்கும் போய் வந்தவர். அங்கே வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் மேஜைமேல் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து, நெப்போலியன் காலத்துச் சண்டைகளை மறுபடி போட்டுப் பார்ப்பார்களாம். தாயக்கட்டை உருட்டி, விழுந்த புள்ளியை வைத்து எந்தப் பட்டாளம் நின்றது, எது ஓடியது என்று தீர்மானிப்பார்களாம். யுத்தத்துக்குப் போனவர்கள் யுத்தத்தை மறக்கத்தான் பார்ப்பார்கள். இவர் நிஜச் சண்டையை மறந்துவிட்டு மேஜைச் சண்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

எங்கள் வீட்டில் மேஜை கிடையாது. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, மேலே காக்கிக் கம்பளி விரித்த இடத்தில் இரண்டு ராஜ்யம் மோத வேண்டுமென்றால் சிப்பாய் எம்புட்டு உயரம் இருக்க முடியும்? நெல்லை நிமிர்த்தி வைத்த உயரம். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மாக்கல்லில் அச்சு வெட்டி ஈயம் ஊற்றி எடுத்தார். கொடிக்காரனுக்கு மட்டும், ஊற்றும் முன்பே கொண்டையை நறுக்கிய குண்டூசி ஒன்றை அச்சில் வைத்துவிடுவார். குதிரைகள் அரிசிப்பொரி அளவு. நடுவில் எப்போதும் ஒரு மலையைப் போட்டு, உச்சியில் கோட்டையும் வைப்பார். அந்தச் சண்டை நடந்த இடத்தில் மலையே இல்லையப்பா என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். மலையில்லாமல் ஒரு சண்டையா என்பது திண்டுக்கல்லில் பிறந்தவரின் கேள்வி.

வர்ணம் அடிப்பது நான். முதலில் அவர்தான் அடித்துப் பார்த்தார். சாயத்தொட்டியில் விழுந்த எறும்புகள் போல இருந்தார்கள் சிப்பாய்கள். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, பிடுங்கிக்கொண்டேன். அவர் அய்யலூர்ச் சந்தைக்குப் போகும்போது ஆட்டுக்குட்டியின் காதோர முடி கொஞ்சம் வாங்கி வரச் சொல்லி, நாலு முடியைக் கோழியிறகுத் தண்டில் கட்டித் தூரிகை செய்துகொண்டேன். அந்த அளவு உருவத்துக்குக் கண் மூக்கு வைக்கக் கூடாது. வைத்தால் முகமே கரியாகிவிடும். முதலில் முழுக்கக் கறுப்பு. காய்ந்தபின் முகத்துக்கு ஒரே ஒரு புள்ளி. மார்பில் குறுக்குவாருக்கு மயிரிழை அளவில் இரண்டு வெள்ளைக் கோடு. சட்டை நீலம் நிஜத்தைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கை தூரத்தில் பார்க்கும்போது இருட்டாகத் தெரியும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். நன்றாக வந்த நாளில் எனக்கு யாருடனும் சண்டை போடத் தோன்றாது. அக்கம்பக்கத்தில் அதுவே பெரிய செய்தி.

வர்ணம் அடித்தால் மட்டும் போதாது. சிப்பாய்களை வரிசையாகப் பலகையில் ஒட்டி, காலடியில் மண் போட்டு நிறுத்த வேண்டும். ஒரு பலகை ஒரு பட்டாளம். சுருட்டுப் பெட்டிப் பலகையை நறுக்கிக்கொண்டோம். ஒட்டுவதற்கு அண்ணன் தோல் ஷாப்பிலிருந்து வஜ்ஜிரப் பசை கொண்டுவந்தார். அந்த நாற்றத்தோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தினேன். பங்குனி வெயிலில் மண் வறண்ட கண்மாயாக வெடித்து, சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் தெறித்து விழுந்தார்கள். வேலம்பிசினுக்கு மாறினேன், அதுவும் வெடித்தது. கடைசியில் பிசினோடு கருப்பட்டிப் பாகு சேர்த்துக் காய்ச்சி, சலித்த செம்மண்ணைக் குழைத்துப் பார்த்தேன். கெட்டியாகப் பிடித்தது. கோடையிலும் ஒரு விரிசல் இல்லை. அண்ணன் பலகையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கே இது தெரியாது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கருப்பட்டி வாசனைக்கு எறும்பு வந்தது. பெஞ்சுக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சியில் நிறுத்தினேன். எறும்புக்கு அத்தனை யோசித்தேன், இனிப்புக்குப் பிள்ளை வரும் என்று யோசிக்கவில்லை. அந்த வீட்டில் பிள்ளை இல்லையே, யோசனை எப்படி வரும்?

நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த ஸ்தானத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு விசேஷ வீட்டில், நாலு பேர் நடுவில், மடியில் பிள்ளை இருந்தால் பொம்மைக்குச் சட்டை போட நேரம் ஏது என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த முறை அவள் வந்தபோது அவள் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்தேன். அதற்கடுத்த முறையும் மறந்தேன். இப்படி இருக்கும்போதுதான் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் ஒரு வேண்டுதலைச் செலுத்த வந்தவள், பிள்ளைக்குச் சளி, வெயிலில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று, தூங்கிக்கொண்டிருந்தவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். செத்த நேரம் பார்த்துக்கொள் என்றாள். அவள் என்னை நம்பிப் பிள்ளையை விட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் தெருவில் தண்ணீர் வருவது முகூர்த்தம் மாதிரி, தவறினால் தவறியதுதான். குழாயில் தண்ணீர் என்று சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடினேன். பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஜன்னலோரப் பலகை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் சண்டை போடுவதாக ஏற்பாடு. என் வீட்டுக்காரரும் அண்ணனும் பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். நான் சொன்னதும் சிரிப்பு நின்றது. கீழேதான் எங்கேயாவது கிடக்கும், பதறாதே என்றார் அவர். அவர் முகம்தான் முதலில் வெளுத்தது. பட்டறைக்கு ஓடிப் போய்க் காந்தம் கொண்டுவந்தார். சிப்பாய் ஈயம், காந்தம் பிடிக்காது. ஊசி இரும்பு, பிடிக்கும். கூடம் முழுக்கக் காந்தத்தை இழுத்தார். சுவரோரம், உரலடி, ஜன்னல் பிளவு என்று ஓரிடம் விடவில்லை. என் கொக்கி ஒன்று வந்தது, காணாமல் போன தையல் ஊசி ஒன்று வந்தது, ஆணி வந்தது. கொடிக்காரன் வரவில்லை.

எழுந்தவர் நேராகப் பிள்ளையிடம் போனார். அவள் வயிற்றின்மேல் காந்தத்தைக் கொண்டுபோனார். இழுக்கிறதா என்று பார்க்கப் போகிறாராம். எனக்கு ஒரு கணம் அது நல்ல யோசனையாகவே பட்டது. அண்ணன்தான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, கைய எடு. நீ இழுத்தீன்னா ஊசி கொடல்ல குத்திக்கிட்டு நிக்கும்."

அவர் கையை எடுத்தார். காந்தத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், வாசலைத் தாண்டி வீசிவிட்டு வந்தார். பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கைதட்டினாள்.

ஜட்கா வண்டி கூப்பிட அண்ணன் கிளம்பினார். அந்த இடைவெளியில் என் வீட்டுக்காரர் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய், அக்காவிடம் இப்போது சொல்லாதே, சளிக்கு மருந்து வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், தானாக வெளியே வந்துவிடும் என்றார். அவருக்கு அக்காவிடம் அப்படி ஒரு பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் மனுஷன். எனக்கும் பயம்தான். சொன்னால் என்ன கேட்பாள் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். பிள்ளை பெறாதவள் கையில் கொடுத்தேனே என்பாள். ஊரும் அதையே சொல்லும். ஆனால் வயிற்றில் இருப்பது ஊசி. எந்த நேரம் என்ன ஆகும் என்று தெரியாத ஒன்றைப் பெற்றவளிடம் மறைத்துவிட்டு நான் எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் துளசியும் பிரசாதமுமாகப் படியேறினாள். அவள் உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"மதினி, புள்ள பொம்மைய முழுங்கிட்டா. கொடி புடிக்கிற பொம்மை. அதுல குண்டூசி இருக்கு. நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன்."

அவள் கத்துவாள் என்று நின்றேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் பிரசாதத் தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள். பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பெருசு?"

இங்கிலீஷ்காரப் படையிலும் அதே அச்சில் வார்த்த கொடிக்காரன் ஒருவன் இருந்தான். அந்தப் பலகையைக் கொண்டுவந்து காட்டினேன். ஊசியின் நுனியை அவள் தன் விரலால் அழுத்திப் பார்த்தாள். நறுக்கிய முனை. விரலில் ரத்தம் பொட்டாக வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஜட்காவில் பிள்ளையை நான் வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் தன் முழங்காலைத் தூக்கிக் குலுக்கலைத் தாங்கிக்கொண்டாள், பிள்ளையின் வயிறு ஆடாமல். ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே வந்தாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். ஈரம் சொட்டும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விலா எலும்புகளுக்குக் கீழே, சாம்பல் நிறத்தின் நடுவில், வெள்ளையாக ஒரு சின்ன உருவம் தலைகீழாகத் தெரிந்தது. பக்கத்தில் நேர்க்கோடாக ஊசி. என் கண்ணுக்கு அவன் தொப்பிகூடத் தெரிந்தது. என்ன வர்ணம் பூசினீர்கள் என்று கேட்டார். பிசினில் குழைத்த சலவை நீலம் என்றேன். தலையாட்டிவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். விளையாட என்றேன். பிள்ளை விளையாடவா என்றார். இல்லை, நாங்கள் விளையாட என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

தொண்டையைத் தாண்டிவிட்டதால் உடனே ஆபத்தில்லை, ஆனால் ஊசி எந்த வளைவிலும் குத்தலாம், வார்டிலேயே இருக்க வேண்டும் என்றார். கஞ்சியும் வாழைப்பழமும் நிறையக் கொடுக்கச் சொன்னார். வயிறு கல்லாகிறதா, காய்ச்சல் வருகிறதா, ரத்தம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஏதாவது என்றால் மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டும். இந்த வயிற்றையா என்று நாத்தனார் கேட்டாள்.

பிள்ளைக்கு அந்த நாட்கள் திருவிழா. சிறுமலைப் பழமாக உரித்து ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அவள் ஒவ்வொரு தடவை பொத்தென்று உட்காரும்போதும் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு நின்று வந்தது. ஒவ்வொரு முறை அவள் வெளிக்குப் போனதையும் துணியில் வாங்கி, தண்ணீர் விட்டு, விரலால் அலசிப் பார்ப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். நாத்தனார் தடுக்கவில்லை. நான் அலசி முடிக்கும் வரை என் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று நான் தலையாட்டுவேன். திரும்பிப் போய்ப் பிள்ளையிடம் உட்கார்ந்துகொள்வாள். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் அவள் புருஷன் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என் வீட்டுக்காரரிடம் போனார். குரலை உயர்த்தவே இல்லை.

"பொம்மை வெச்சு வெளையாடற ஊட்டுல புள்ளைய உட்டது எங்க தப்புங்க. உங்களச் சொல்லி என்னங்க ஆகப்போகுது."

திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதையாகச் செருப்பால் அடிக்கிறவரை என்ன செய்வது? நான் வாயைத் திறந்தேன். அண்ணன் வராந்தாவிலிருந்து கண்ணைக் காட்டினார். மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் மூடிக்கொண்ட ஒன்றிரண்டு சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அன்று மத்தியானம் இரண்டாவது படம் எடுத்தார்கள். கொடிக்காரன் சற்றே கீழே இறங்கியிருந்தான், ஆனால் திரும்பி நின்றான். ஊசி நுனி குடல் சுவரைப் பார்த்து இருந்தது. நாளைக் காலை வரை பார்ப்போம், அசையவில்லை என்றால் மதுரைதான், வண்டிக்குச் சொல்லி வையுங்கள் என்றார் டாக்டரம்மா. ஆண்கள் வண்டிக்கு அலையப் போனார்கள். வார்டில் நாங்கள் இரண்டு பேரும், தூங்கும் பிள்ளையும்.

நான் மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டிருந்தேன், இனி தூரிகையைத் தொடமாட்டேன், எல்லாவற்றையும் உருக்கிக் கிணற்றில் போடுகிறேன் என்று. பயத்தில் செய்கிற சத்தியத்துக்கு எவ்வளவு ஆயுசு என்று எனக்கே தெரியும். அப்போது நாத்தனார் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மாசி மாசம் இவ தொட்டில்ல இருந்து விழுந்துட்டா. கவுத்த நாந்தான் சரியா முடியல. இந்த எடத்துல இம்புட்டுப் பெரிய வீக்கம். அவுக வந்து என்னன்னு கேட்டாக. பூச்சி கடிச்சிருக்கும்னு சொன்னேன். ராத்திரி பூராம் புள்ள மூச்சு விடுதான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போகல. கூட்டிப் போனா சொல்லணுமே."

பிள்ளையின் காலில் விலகிய துணியை இழுத்துவிட்டாள்.

"இன்னைய வரைக்கும் சொல்லல. நான் வாசப்படி ஏறுறதுக்குள்ளயே நீ சொல்லிட்ட."

அதைப் பாராட்டாகச் சொன்னாளா, பொறாமையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக் கூடாது என்று நாலு வருஷமாகக் காத்து வந்த வைராக்கியம் அந்த இடத்தில் போனது. அவள் தன் முந்தானையைக் கொடுக்கவுமில்லை, என்னைத் தேற்றவுமில்லை. இன்னொரு பழத்தை உரித்து வைத்துக்கொண்டு, பிள்ளை கண் விழிக்கக் காத்திருந்தாள்.

காலையில் பிள்ளை சிரிக்கவில்லை. காலை மடக்கி மடக்கி அழுதாள். தொட்டால் உடம்பு சுட்டது. வயிற்றில் கை வைத்த நர்ஸ் ஓடிப் போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். அவர் அழுத்திப் பார்த்தார். அந்த அழுகையை நான் வேறு எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. கிளம்புங்கள் என்றார். கார் வாசலுக்கு வந்துவிட்டது. நாத்தனார் சேலையை இழுத்துச் சொருகினாள். என் வீட்டுக்காரர் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டார். வராந்தா பாதி தூரம் போயிருப்போம், பிள்ளை உடம்பை முறுக்கி ஒரு முக்கு முக்கினாள். அம்மாவின் இடுப்பிலேயே வெளிக்குப் போய்விட்டாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ஆட்கள் நடக்கிற வழி என்றெல்லாம் பார்க்கவில்லை. துணியை வாங்கி, கையிலிருந்த கூஜாத் தண்ணீரை ஊற்றி அலசினேன். வாழைப்பழ நார்களுக்கு நடுவில் விரலில் ஏதோ நெருடியது. நார் கயிறு மாதிரி அவனைச் சுற்றியிருந்தது. பிரித்தேன். நீலம் இல்லை, வெள்ளைக் கோடு இல்லை, முகத்துப் புள்ளி இல்லை. காகிதக் கொடி எப்போதோ கரைந்திருந்தது. ஈயமும் ஊசியும் மட்டும். ஊசி நுனியில் கொஞ்சமாக ரத்தம்.

"வந்துட்டான்" என்றேன். கையைத் தூக்கிக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு பிள்ளைபோல அழுதார். நாத்தனார் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். டாக்டரம்மா கையோடு வாங்கிப் போனார். திரும்ப ஒரு படம், திரும்பக் காத்திருப்பு. ரத்தம் கீறல்தான், ஓட்டை இல்லை, காய்ச்சல் இறங்கினால் சாயங்காலம் போகலாம் என்றார்கள். மத்தியானத்துக்குள் இறங்கியது. பிள்ளை கஞ்சி கேட்டு அழுதாள். அந்த அழுகை எனக்குச் சங்கீதமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் வராந்தாவில் நின்று, வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் உருக்கிவிடுகிறேன் என்றார். நான் அதே சத்தியத்தை முந்தின நாள்தான் செய்திருந்தேன். ஆனால் அவர் சொன்னதும் எனக்குச் சுரீரென்று வந்தது. என் கண்ணைக் கொடுத்து அடித்த வர்ணம், உருக்குவதானால் என்னையும் சேர்த்து உருக்குங்கள் என்றேன். அண்ணன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தப் படைகள் பின்னாலும் சண்டை போட்டன. கருப்பட்டிப் பாகில் வேப்பிலைச் சாற்றையும் கலந்து குழைத்தேன், எறும்புகூட வரவில்லை. கொடிக்கம்புக்குத் துடைப்பக்குச்சி. இரண்டு படையையும் பெட்டியில் பூட்டி உயரமான பலகையில் ஏற்றி வைத்தார், பூட்டுப் பட்டறைக்காரர் இல்லையா.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் ஜட்கா நின்றது. நாத்தனார் புருஷன், பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம், இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார். எங்களை அவர் பார்க்கவே இல்லை. நான் ஒதுங்கி நின்றேன். இனி இந்தப் பிள்ளை எங்கள் வாசல்படி மிதிக்காது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

நாத்தனார் அவரிடம், நீங்கள் முன்னால் போங்கள், நான் நாலு நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் பதிலுக்கு நிற்காமல் படியில் கால் வைத்து ஏறி, வைக்கோல் மெத்தையில் உட்கார்ந்தாள். எதிரே நானும் ஏறினேன். வண்டி நகர்வதற்கு முன் அவள் பிள்ளையைத் தன் மடியிலிருந்து தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, புடி. எனக்குக் கை நடுங்குது."

எனக்கும் நடுங்கியது. அதை மட்டும் நான் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.